பழைய லாண்ட்ரோவரின் அச்சு எண்ணெய்க் கசிவும் அதனைத் திருத்தும் முறையும்

கமக்காரரின் உழைப்பு வயலோடும் தோட்டத்தோடும் முடிந்துவிடுவதில்லை. அறுத்த நெல் வீடு வந்து சேர வேண்டும். பறித்த மரக்கறி வாடுமுன் சந்தையை அடைய வேண்டும். வடமராட்சிப் பகுதியில் விளையும் வெங்காயம், மிளகாய், கத்தரி, பூசணி முதலியன நெல்லியடிக்கும் கொடிகாமத்துக்கும் சுன்னாகத்துக்கும் திருநெல்வேலிக்கும் நாள்தோறும் கொண்டுசெல்லப்படுகின்றன. மழைக்காலச் சேற்றிலும், மணற்காட்டுப் பக்கத்து மணற்பாதையிலும் சாதாரண வாகனங்கள் தயங்கும் இடங்களில் நாற்சில்லு இயக்கமுள்ள வாகனங்களே கைகொடுக்கின்றன. அவ்வகையில் நன்கு அறியப்பட்டது லாண்ட்ரோவர் ஆகும்.

லாண்ட்ரோவர் 1948 ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் நகரில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. பண்ணை வேலைக்கு உதவும் வாகனமாகவே அது அமைக்கப்பட்டது. இரண்டாம் வகை 1958 ஆம் ஆண்டிலும், மூன்றாம் வகை 1971 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மூன்றாம் வகையின் உற்பத்தி 1985 ஆம் ஆண்டில் நின்றது. இவற்றின் உடற்பகுதி அலுமினியக் கலப்பு உலோகத்தாலானது. ஆகவே அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆனால் சட்டமும் அச்சுகளும் இரும்பாலானவை. கடற்காற்று ஓயாது வீசும் பருத்தித்துறை போன்ற ஊர்களில் இவை விரைவில் துருவேறும்.

பழைய வாகனத்தைத் திருத்தி ஓட்டுவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருட்தடைக் காலத்தில் வாகன உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. பின்னர் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உள்ள வாகனத்தைப் பேணிக்கொள்வதே சிக்கனம் என்பதை இவ்வனுபவங்கள் உணர்த்தியுள்ளன. பழைய லாண்ட்ரோவர்களில் அடிக்கடி காணப்படும் குறைகளுள் ஒன்று அச்சிலிருந்து எண்ணெய் கசிதலாகும். அதன் காரணத்தை அறிந்து திருத்தும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

கசிவினால் விளையும் கேடு

அச்சில் எண்ணெய் கசிந்தால் நிலத்தில் சில துளிகள் விழுவதோடு காரியம் முடிந்துவிடும் எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறானது. சில்லின் குடத்திலிருந்து கசியும் எண்ணெய் நேரே பிறேக் டிரம்முக்குள் இறங்கி, பிறேக் லைனர்களை நனைக்கின்றது. எண்ணெய் ஊறிய லைனர் டிரம்மைப் பற்றாது வழுக்கும். ஒரு பக்கச் சில்லில் மட்டும் இவ்வாறு நேர்ந்தால், பிறேக்கை அழுத்தும்போது வாகனம் மறுபக்கமாக இழுபடும். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்கு விரையும் வாகனம் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாவிடின், வீதியிற் செல்வோரின் உயிருக்கே ஆபத்தாகும். எண்ணெயின் விலையைவிடப் பெரிய இழப்பு இதுவே.

எண்ணெய் வெளியேறும் வழியால் நீரும் சேறும் உட்புகும் என்பதையும் மறத்தலாகாது. எண்ணெய் குறைந்து நீரும் கலந்தால் பல்லுச்சக்கரங்களும் பெயரிங்குகளும் தேய்ந்துபோகும்.

சீல் வளையம் செய்யும் வேலை

மாட்டுவண்டியில் அச்சு குடத்துள் உராயாதிருக்க மசகு இடுகின்றோம். லாண்ட்ரோவரின் அச்சுக்கூட்டினுள் அவ்வேலையைத் தடித்த கியர் எண்ணெய் செய்கின்றது. எஞ்சின் வலு நடுவிலுள்ள பல்லுச்சக்கரப் பெட்டியிலிருந்து அச்சுத்தண்டு வழியாகச் சில்லுக்குச் செல்கின்றது. அச்சுக்கூட்டின் முனையில் உள்ளீடற்ற குழல் ஒன்று பூட்டப்பட்டுள்ளது. அக்குழலின் உள்ளே அச்சுத்தண்டு சுழல்கின்றது. குழலின் மேலே, இரண்டு பெயரிங்குகளின் மீது, குடம் சுழல்கின்றது. எண்ணெய் தண்டின் வழியே வந்து இப்பெயரிங்குகளை நனைக்கின்றது.

அவ்வெண்ணெய் பிறேக் பக்கம் செல்லாதபடி தடுப்பதே கராச்சுகளில் ஒயில்சீல் எனப்படும் சீல் வளையமாகும். இது குடத்தின் உட்பக்கத்தில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். இதன் இறப்பர் விளிம்பைச் சிறிய சுருள்வில் ஒன்று இறுக்கிப்பிடிக்கும். அவ்விளிம்பு, குழலின் மீது ஏற்றப்பட்ட மினுக்கமான உருக்குப் பூண் ஒன்றைத் தொட்டபடி சுழலும். இறப்பர் விளிம்பு, உருக்குப் பூண் ஆகிய இரண்டும் நன்றாக இருந்தாலன்றி எண்ணெய் நில்லாது. இதை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

கசியும் இடத்தை அறிதல்

முதலில் அச்சையும் சில்லுகளின் உட்பக்கத்தையும் மண்ணெண்ணெய் கொண்டு கழுவித் துடைத்து, இரண்டு நாள் ஓட்டியபின் பார்க்க வேண்டும். பழைய அழுக்கோடு பார்த்தால் கசிவு தொடங்கும் இடம் தெரியாது.

1. சில்லின் உட்பக்கமும் டயரின் உட்சுவரும் நனைந்திருப்பின், குடத்தின் சீல் வளையம் பழுதாகியிருக்கலாம்.

2. சில்லின் வெளிப்பக்கத்தில், நடுவிலுள்ள முகத்தட்டைச் சுற்றி எண்ணெய்க்கோடுகள் காணப்பட்டால், முகத்தட்டின் கடதாசி அடைப்போ நடுமூடியின் அடைப்போ பழுதாகியிருக்கும். இது சிறு வேலையே.

3. அச்சின் நடுவில், சுழல்தண்டு வந்து பொருந்தும் மூக்குப்பகுதி நனைந்திருப்பின் அங்குள்ள சீல் வளையம் கசிகின்றது. அவ்விடத்து நட்டின் இறுக்கம் பல்லுச்சக்கரத்தின் அமைப்போடு தொடர்புடையது. ஆதலால் அதனைத் தேர்ந்த திருத்துநரிடம் விடுதல் நன்று.

4. முன்சில்லுகளின் பின்னாலுள்ள உருண்டைக் குமிழ் நனைந்திருப்பின், குமிழைச் சுற்றியுள்ள பெரிய சீல் வளையம் கசிகின்றது.

கசிவது கியர் எண்ணெயா, பிறேக் எண்ணெயா என்பதையும் தெளிந்துகொள்ள வேண்டும். கியர் எண்ணெய் தடித்தது. கந்தக நெடி உடையது. பிறேக் எண்ணெய் மெல்லியது, வண்ணப்பூச்சை உரிக்கும், பெரும்பாலும் நீரில் கழுவுப்படும். பிறேக் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டம் குறைந்துவருமாயின் பழுது சில்லிலுள்ள பிறேக் சிலிண்டரில் இருக்கக்கூடும். அவ்வாறாயின் சீல் வளையத்தை மாற்றுவதாற் பயனில்லை. வாகனத்தை ஓட்டுவதையும் உடனே நிறுத்த வேண்டும்.

காரணத்தை முதலிற் காண்க

புதிய சீல் வளையம் இட்டுச் சில வாரங்களில் மீண்டும் கசிகின்றது என்னும் முறைப்பாடு அடிக்கடி எழுவதுண்டு. வளையம் பழுதானதைக் கண்டவர், அது ஏன் பழுதானது என்று காணாது விட்டமையே இதற்குக் காரணம். பின்வரும் நான்கையும் சோதித்த பின்னரே புதிய வளையத்தை வாங்க வேண்டும்.

முதலாவது, காற்றுப்போக்கி. அச்சுக்கூட்டின் மேற்புறத்தில் சிறிய காற்றுப்போக்கி ஒன்று உண்டு. ஓட்டத்தில் அச்சுச் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து இதன் வழியே வெளியேறும். சேறும் துருவும் இதனை அடைத்துவிட்டால், விரிந்த காற்று சீல் வளையத்தின் விளிம்பினூடாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். சூடேறிய அச்சு வெள்ளத்தில் இறங்கும்போது இதற்கு எதிர்மாறானது நிகழும். உள்ளே காற்றுச் சுருங்கி நீரை உறிஞ்சும். அச்சு எண்ணெய் பால்போல் வெளுத்துக் காணப்பட்டால் நீர் புகுந்துள்ளது என அறிக. காற்றுப்போக்கியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தஞ்செய்தால் போதும். செலவில்லாத இவ்வேலை பல கசிவுகளை நிறுத்திவிடும்.

இரண்டாவது, எண்ணெயின் மட்டம். அளவுக்கு மேல் வார்த்தால் மிகுதி எண்ணெய் முனைகளுக்கு ஓடும். வாகனம் எந்நாளும் ஒருபக்கம் சரிந்த இடத்தில் நிறுத்தப்படுமாயின், தாழ்ந்த பக்கத்துச் சில்லே முதலிற் கசியும்.

மூன்றாவது, பெயரிங்கின் தளர்ச்சி. சில்லை உயர்த்தி, மேலும் கீழும் இரு கைகளாற் பற்றி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் மிகுதியாயிருப்பின் பெயரிங் தளர்ந்துள்ளது அல்லது தேய்ந்துள்ளது. ஆடும் குடத்தில் எந்தச் சீல் வளையமும் நிலைக்காது.

நான்காவது, உருக்குப் பூண். பல ஆண்டு ஓட்டத்தில் இறப்பர் விளிம்பு பூணிலே வாய்க்கால்போன்ற பள்ளத்தை உண்டாக்கிவிடும். நெடுநாள் ஓடாது நின்ற வாகனத்தில் கடற்காற்றுப் பட்டு அதிலே துருப்புள்ளிகள் தோன்றும். இதனைக் குடத்தைக் கழற்றியபின்னரே பார்க்க முடியும்.

வேலைக்கு ஆயத்தம்

லாண்ட்ரோவரின் கைப்பிறேக் சில்லுகளிற் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டியின் பின்னே, சுழல்தண்டிலேயே பிடிக்கின்றது. ஆகவே பின்சில்லு ஒன்றை உயர்த்தினாலோ, பின் அச்சுத்தண்டை உருவினாலோ, கைப்பிறேக் இழுத்திருந்தும் வாகனம் உருளக்கூடும். இதனை அறியாது வாகனத்தின் கீழ்ப் படுத்தல் பேராபத்தாகும். சமதரையில் நிறுத்தி, நிலத்திலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் உறுதியான ஆப்புகளை இட வேண்டும். ஜக்கை மட்டும் நம்புதல் கூடாது. அச்சின் கீழே இரும்புத் தாங்கியையோ, அகன்ற பாலைமரக் குற்றியையோ வைக்க வேண்டும். உள்ளீடற்ற சீமெந்துக் கல்லை ஒருபோதும் வைத்தலாகாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

குடத்து நட்டுக்கு ஏறக்குறைய 52 மில்லிமீற்றர் அளவான பொக்ஸ் ஸ்பனர் தேவை. உளியும் சுத்தியலும் கொண்டு அந்நட்டைத் திருப்பினால் அதன் மூலைகள் சிதைந்து, பின்பு சரியாக இறுக்க முடியாமற் போகும். புதிய சீல் வளையம், பூட்டு வாசர், கடதாசி அடைப்பு, கியர் எண்ணெய், மண்ணெண்ணெய், சுத்தமான துணி, எண்ணெய் ஏந்தத் தட்டம் ஆகியன அருகில் இருக்க வேண்டும்.

பின்சில்லின் குடத்தைக் கழற்றுதல்

1. சில்லையும் பிறேக் டிரம்மையும் கழற்றுக. டிரம் இறுகியிருப்பின் பிறேக் சரிசெய்யும் திருகைத் தளர்த்துக. பழைய லைனர்களின் தூளில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகையால் தூளை ஊதாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

2. முகத்தட்டின் ஆறு போல்ட்டுகளையும் கழற்றி, முகத்தட்டோடு அச்சுத்தண்டையும் வெளியே இழுக்குக. எண்ணெய் வடியுமாதலால் தட்டத்தைக் கீழே வைக்குக.

3. பூட்டு வாசரின் மடிப்பை நிமிர்த்தி, வெளிநட்டையும் வாசரையும் உள்நட்டையும் முறையே கழற்றுக.

4. குடத்தை நேராக இழுத்தெடுக்குக. வெளிப் பெயரிங் மண்ணில் விழாதவாறு கையால் ஏந்துக.

5. பழைய சீல் வளையம் எந்தப் பக்கம் நோக்கி, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு நெம்பி எடுக்குக. குடத்தின் உட்சுவரிற் கீறல் விழலாகாது.

6. எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயிற் கழுவி உலர்த்துக. பெயரிங் உருளைகளில் குழிகளோ, சூட்டினால் உண்டான நீலநிறமோ காணப்படின் உருளைகளோடு அவை ஓடும் வளையத்தையும் சேர்த்தே மாற்றுக.

உருக்குப் பூணைச் சோதித்தல்

இப்பொழுது குழலின் மீதுள்ள பூணைத் துடைத்து, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடைப்படாவிடின் பூண் நல்லது. நகம் பள்ளத்தில் இறங்குமாயின், புதிய சீல் வளையமும் அதிலே கசியும். அத்தகைய பூணைப் புதிதாக மாற்றுவதே முறை. பழையதைக் கழற்றும்போது குழலிற் காயம் ஏற்படாதவாறு கவனிக்க வேண்டும். புதியதைச் சூடேற்றிய எண்ணெயில் வைத்து விரியச்செய்தால் எளிதில் ஏறும். பூண் கிடையாதவிடத்து, அதன்மேல் ஏற்றும் மெல்லிய உருக்கு உறையை இடலாம். பள்ளம் சிறிதாயின், சீல் வளையத்தைச் சற்று வேறு ஆழத்தில் இட்டு, அதன் விளிம்பு பூணின் தேயாத பகுதியில் ஓடுமாறு செய்வோரும் உளர். இது புதிய பூண் கிடைக்கும்வரை கொள்ளத்தக்க உபாயம் மாத்திரமே.

புதிய வளையத்தை இட்டுப் பூட்டுதல்

கடையில் வாங்கிய வளையத்தைப் பழையதோடு ஒப்பிட்டு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்றும் ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். உள்ளே பெயரிங்கை எண்ணெயிட்டு வைத்தபின், சீல் வளையத்தின் விளிம்புக்கு எண்ணெய் தடவ வேண்டும். உலர்ந்த விளிம்பு முதல் ஓட்டத்திலேயே கருகும். சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை, அதாவது பெயரிங்கை, நோக்கியிருத்தல் வேண்டும். திருப்பி இட்டால் எண்ணெய் தடையின்றி வெளியேறும். தட்டையான பலகையை மேலே வைத்து, சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்குக. சுத்தியல் வளையத்தில் நேரே படலாகாது.

குடத்தைக் குழலில் ஏற்றும்போது சரித்து ஏற்றினால் விளிம்பு மடியும், நேராகவே தள்ளுக. உள்நட்டை இறுக்கும்போது குடத்தைக் கையாற் சுழற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். பெயரிங் நன்கு அமர்ந்தபின், நட்டைச் சிறிது தளர்த்துக. குடம் தடையின்றிச் சுழலவும், ஆட்டம் மிக நுண்ணிதாக மாத்திரம் உணரப்படவும் வேண்டும். சரியான அளவு அவ்வாகனத்தின் கைந்நூலிற் கூறப்பட்டிருக்கும். பின்பு புதிய பூட்டு வாசரையும் வெளிநட்டையும் இட்டு இறுக்கி, ஆட்டத்தை மீண்டும் சோதித்து, வாசரை மடிக்குக. முகத்தட்டுக்குப் புதிய கடதாசி அடைப்பு இட்டு, அச்சுத்தண்டைப் பூட்டுக.

எண்ணெய் ஊறிய லைனர்களைப் பெற்றோலிற் கழுவியோ நெருப்பிற் காட்டியோ மீண்டும் பூட்டுவது சிக்கனமன்று. லைனர் சூடேறும்போது உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடியும் மேலே வரும். லைனர்களை மாற்றுக; ஒரு பக்கம் மாத்திரமன்றி, அதே அச்சின் இரு பக்கங்களையும் மாற்றுக. அப்பொழுதே பிறேக் இருபுறமும் சமமாகப் பிடிக்கும். டிரம்மையும் எண்ணெய்ப் பசையறக் கழுவுக.

எண்ணெய் வார்த்தல்

சாதாரண லாண்ட்ரோவர் அச்சு ஒன்றுக்கு ஏறக்குறைய 3 பைந்து, அதாவது 1.75 லீற்றர், கியர் எண்ணெய் வேண்டும். 90 எண் தடிப்புடைய, மிகு அழுத்தந் தாங்கும் ஈ.பி. வகை எண்ணெயே ஏற்றது. நீண்ட சட்டமுள்ள சில வாகனங்களின் பின்னச்சு வேறு வகையினதாதலால் கூடிய எண்ணெய் கொள்ளும். எவ்வகையாயினும், வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, மட்ட அடைப்பாணித் துவாரத்திலிருந்து எண்ணெய் வழியத் தொடங்கும்வரை வார்த்து, வழிதல் நின்றபின் மூடினால் அளவு பிழைக்காது.

முதலில் ஆளில்லாத வீதியில், பாரமின்றி, மெதுவாக ஓட்டிப் பிறேக்கைச் சோதிக்க வேண்டும். சிறிது தூரம் சென்றபின் குடத்தைத் தொட்டுப் பார்க்குக. ஒரு குடம் மாத்திரம் மிகுந்த சூடாக இருப்பின் பெயரிங் இறுகிவிட்டது அல்லது பிறேக் உராய்கின்றது என்று அறிக. ஒரு வாரத்தின்பின் எண்ணெய் மட்டத்தையும் சில்லின் உட்பக்கத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

முன்னச்சின் குமிழ்

முன்சில்லுகள் திரும்பவேண்டியிருப்பதால் அங்கு உருண்டைக் குமிழும் அதனைத் தழுவும் கூடும் உண்டு. இக்கூடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 பைந்து, அதாவது அரை லீற்றர், எண்ணெய் கொள்ளும். குமிழின் மினுக்கப் பூச்சிற் துருக்குழிகள் விழுந்தால் அவை சீல் வளையத்தின் விளிம்பை அரத்தைப்போல் அராவும். அந்நிலையில் வளையத்தை மாத்திரம் மாற்றுவது வீண்செலவு. குமிழையும் மாற்ற வேண்டும். அதுவரை, இவ்விடத்துக்கென்றே செய்யப்பட்ட குழைவான கிறீசை எண்ணெய்க்குப் பதிலாக இடுவோர் உளர். மணலிலும் சேற்றிலும் ஓடி வந்ததும் குமிழ்களை நன்னீராற் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் பூசிவைத்தால் துரு அணுகாது.

மாசி பேர்குசன் 35 போன்ற பழைய உழவு இயந்திரங்களை வைத்திருப்போரும் இவற்றைக் கவனித்தல் நன்று. அவற்றிலும் பிறேக் டிரம்கள் பின்னச்சின் முனைகளிலேயே உள்ளன. சீல் வளையம் பழுதானால் எண்ணெய் லைனரையே அடையும். கழற்றும் முறை வேறாயினும், காரணத்தைக் கண்டபின் திருத்துக என்னும் விதி ஒன்றே.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயையும் கழுவிய மண்ணெண்ணெயையும் நிலத்தில் ஊற்றுதல் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்லாகும். அதன் வெடிப்புகளின் வழியே மேலே ஊற்றுவது கிணற்றை விரைவில் அடைகின்றது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த பெருங்கவலையைக் கமக்காரர் அறிவர். குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் அந்நீரே ஆதாரம். கழிவெண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, அதனை ஏற்கும் எரிபொருள் நிலையத்திடமோ கராச்சிடமோ ஒப்படைக்க வேண்டும்.

ஏற்ற காலம்

குடாநாட்டில் நெல் பெரும்பாலும் மழையை நம்பிக் காலபோகத்திலேயே செய்யப்படுகின்றது. புரட்டாதி, ஐப்பசியில் விதைப்பு வேலை தொடங்கியபின் வாகனத்தைப் பிரித்து வைத்தல் இயலாது. ஆதலால் ஆடி, ஆவணி மாதங்களிலேயே அச்சுகளைச் சோதித்துத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். அப்பொழுது நிலம் உலர்ந்திருக்கும். பாகங்களிற் சேறு படாது. மாதமொருமுறை எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல், மழைக்கு முன்னும் பின்னும் காற்றுப்போக்கியைச் சுத்தஞ்செய்தல், ஓடாது நிற்கும் வாகனத்தை வாரமொருமுறையேனும் சிறிது தூரம் ஓட்டி விளிம்புகளுக்கு எண்ணெய் படச்செய்தல் ஆகிய மூன்றும் பழக்கமாக வேண்டும். சில்லின் உட்பக்கத்தில் எண்ணெய் ஈரம் கண்ட நாளிலேயே பாரம் ஏற்றுவதை நிறுத்தி, காரணத்தைத் தேடுக.